சிலையான பின்னும் இறங்காத மவுசு: வின்சென்ட் கொம்பனி, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 18. மான்செஸ்டரின் எதிஹாட் ஸ்டேடியம், இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. மான்செஸ்டர் சிட்டி அன்றைக்கு பர்ன்லியை 6-0 என்று துவைத்து எடுத்தது. எர்லிங் ஹாலண்டுக்கு மட்டும் மூன்று கோல். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, அந்த வருஷம் சிட்டி யாரைத்தான் விட்டுவைத்தது? வேடிக்கை வேறு இடத்தில் இருந்தது. ஆறு கோல் வாங்கிக்கொண்டு ஓரக்கோட்டில் நின்ற பர்ன்லி மேனேஜரின் (தலைமைப் பயிற்சியாளரின்) பெயரைச் சொல்லி சிட்டி ரசிகர்கள் பாடினார்கள். கிண்டல் கிடையாது, நெஞ்சாரத்தான் பாடினார்கள். பழைய அமெரிக்கப் பாட்டு ஒன்றின் மெட்டில் அவர் பெயரை ஏற்றி, பல வருஷமாக அங்கே பாடிவரும் பாட்டு அது.

அந்த மேனேஜர் வின்சென்ட் கொம்பனி. பெல்ஜியத்துக்காரர், சிட்டியின் முன்னாள் கேப்டன். பெயரை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கும்பினியார் ஞாபகம்தான் வந்தது, அது கிடக்கட்டும். சிட்டி சட்டையில் அவர் ஆடிய கடைசி ஆட்டமும் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம்தான், அதன் முடிவும் 6-0தான். 2019 மே 18, வெம்ப்ளியில் வாட்ஃபோர்டுக்கு எதிரான இறுதிப்போட்டி. அன்று ஆறு போட்ட அணியின் கேப்டன், நாலு வருஷம் கழித்து ஆறு வாங்கிய அணியின் மேனேஜர். கைதட்டல் மட்டும் மாறவில்லை.

ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் மேல் இருக்கும் பாசம் வழக்கமாக நாலைந்து சீசனில் வற்றிவிடும். அவர் மேனேஜராகவும் போய்விட்டால் இன்னும் சீக்கிரம் கரையும். ஃபிராங்க் லம்பார்டு செல்சீயின் தெய்வமாக இருந்தவர். மேனேஜராகத் திரும்பிவந்து ஒன்றரை வருஷத்தில், 2021 ஜனவரியில், வெளியே அனுப்பப்பட்டார். ஆந்திரேயா பிர்லோவுக்கு யுவென்டஸ் கொடுத்தது ஒரே ஒரு சீசன். கொம்பனியோ ஓர் அணியை இங்கிலாந்தின் முதல் நிலை லீகான பிரீமியர் லீகிலிருந்து கீழே இறக்கியும் பார்த்துவிட்டார். இருந்தும் மான்செஸ்டரில் அவர் மவுசு ஒரு பைசா குறையவில்லை. ஏன் என்பதுதான் இங்கே கேள்வி.

பத்து நாள் முன்னால் வந்தவர்

பல பேர் 2019ஆம் வருஷத்து கோலிலிருந்து இந்தக் கதையைத் தொடங்குவார்கள். என் கணக்கில் இது 2008 ஆகஸ்ட் 22 அன்று தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் அணியிலிருந்து கொம்பனி சிட்டிக்கு வந்த நாள் அது. அப்போது அணியின் சொந்தக்காரர் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா, மேனேஜர் மார்க் ஹியூஸ். கொடுத்த விலை சுமார் 60 லட்சம் பவுண்டு என்று அன்றைய செய்திகள் சொல்லின. 22 வயசுப் பையன். ஹாம்பர்க்கில் இரண்டு சீசனில் பாதி நேரம் காயத்தில் போயிருந்தது. பெரிய எதிர்பார்ப்பு எதுவும் யாருக்கும் இல்லை.

பத்தே நாளில், செப்டம்பர் 1 அன்று, அபுதாபிப் பணம் உள்ளே வந்தது. அதே நாளில் 3 கோடியே 25 லட்சம் பவுண்டுக்குப் பிரேசில் ஆட்டக்காரர் ரொபின்யோ வாங்கப்பட்டார். அன்றிலிருந்து சிட்டி மேல் ஒட்டிய முத்திரை இன்னும் போகவில்லை: காசு கொடுத்து வாங்கிய வெற்றி. சிட்டிக்காரர்களுக்கு இந்தப் பேச்சு எவ்வளவு உறைக்கும் என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய பழைய கதை தெரிய வேண்டும். 1968க்குப் பிறகு லீக் பட்டமே கிடையாது. 1998இல் மூன்றாம் நிலை லீகுக்கே இறங்கிய அணி. அதே ஊரில் மான்செஸ்டர் யுனைடெட் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே போனது. 2008 மே மாதம்தான் ஐரோப்பியச் சாம்பியனும் ஆகியிருந்தது. அவ்வளவு காலம் அடிவாங்கிய பிறகு நல்ல காலம் வரும்போது, "இது உன் உழைப்பில்லை, ஷேக்கின் காசு" என்று பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் எப்படி இருக்கும்?

கொம்பனி அந்தக் காசில் வந்தவர் இல்லை. வலதுபுறத் தடுப்பாட்டக்காரர் பாப்லோ சபலேட்டாவும் அப்படித்தான், ஆகஸ்ட் 31 அன்று, ஒரே நாள் வித்தியாசத்தில் வந்தவர். இவர்கள் இருவரும் பழைய சிட்டிக்கும் புது சிட்டிக்கும் நடுவில் நிற்கும் வாசற்படி மாதிரி. புதுப் பணக்கார அணியை ரசிக்கக் கொஞ்சம் கூச்சப்பட்ட பழைய ரசிகனுக்கு, "இவன் அதற்கு முன்னாலேயே நம்ம ஆள்" என்று சொல்லிக்கொள்ள ஒருவர் கிடைத்தார். பத்து நாள் தள்ளி வந்திருந்தால் இதே ஆட்டத்தை ஆடியிருப்பார், இதே கோப்பைகளையும் தூக்கியிருப்பார். ஆனால் இந்த இடம் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டு கோல், நடுவில் ஒரு கெண்டைக்கால்

2011இல் கேப்டன் ஆனார். 2012 ஏப்ரல் தொடக்கத்தில், ஆறு ஆட்டம் மிச்சமிருக்க, யுனைடெட் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தது. கதை முடிந்தது என்று ஊரே நினைத்தது. அப்புறம் யுனைடெட் சறுக்கியது. ஏப்ரல் 30 அன்று இரு அணிகளும் எதிஹாடில் மோதியபோது இடைவெளி மூன்று புள்ளி. ஜெயித்தால் கோல் வித்தியாசத்தில் சிட்டி முதலிடம். முதல் பாதி முடியும் தறுவாயில் டேவிட் சில்வா கார்னர் அடித்தார். கிறிஸ் ஸ்மாலிங்கை உதறிவிட்டு எழும்பிய கொம்பனி தலையால் முட்டினார். 1-0. அதுவே முடிவும். இரண்டு வாரம் கழித்து குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் சிட்டியின் அகுவேரோ அடித்துப் பட்டத்தை வாங்கித் தந்த கோல்தான் உலகத்துக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோலுக்கு அர்த்தம் வந்ததே இந்த முட்டலால்தான்.

அதே சீசன் ஜனவரியில், எஃப்.ஏ. கோப்பையில் அதே யுனைடெட்டுக்கு எதிராக, 12ஆவது நிமிஷத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவரும் இவர்தான். யுனைடெட் ஆட்டக்காரர் நானியிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்ந்ததற்கு நான்கு ஆட்டத் தடை. பிழையே செய்யாத மனிதர் என்று யாரும் இவரைக் கொண்டாடவில்லை.

அதற்குப் பின் வந்த வருஷங்களை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கெண்டைக்கால். தசை கிழியும், ஓய்வெடுப்பார், திரும்புவார், மறுபடி கிழியும். 2016இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்காக மாட்ரிட்டில் இறங்கியவர் பத்து நிமிஷத்துக்குள் நொண்டிக்கொண்டே வெளியேறினார். அந்தக் கோடையின் யூரோ கோப்பையும் போனது. சிட்டியில் 11 சீசனில் ஆடியது 360 ஆட்டம். வகுத்துப் பார்த்தால் சீசனுக்கு 33 கூட வராது. வருஷத்துக்கு ஐம்பதுக்கு மேல் ஆடுகிற அணியில் இது குறைவு. பல அணிகள் இப்படிப்பட்ட ஆளை முப்பது வயசிலேயே வழியனுப்பி வைத்திருக்கும்.

ரசிகர்கள் கணக்கோ வேறு விதம். ஒவ்வொரு முறை அவர் திரும்பி வரும்போதும், இது கடைசி முறையாக இருக்குமோ என்ற பயத்தோடு பார்த்தார்கள். எப்போதும் கையில் இருக்கிற பொருளுக்கு அந்தப் பயம் வராது. காயம் அவருடைய ஆட்டங்களைக் குறைத்தது, ஆனால் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தின் விலையையும் ஏற்றிவிட்டது.

இப்போது 2019 மே 6. லீக் முடிய இரண்டே ஆட்டம். லிவர்பூல் ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடி இரண்டு புள்ளி முன்னால் நிற்கிறது. எதிஹாடில் லெஸ்டர் சிட்டி அடைத்துக்கொண்டு ஆடுகிறது. நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம். மணி ஏறக்குறைய இரண்டு, இன்னும் கோல் இல்லை. வீட்டில் எல்லாரும் தூங்க, டிவி சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 70ஆவது நிமிஷம், கோலிலிருந்து இருபத்தைந்து கஜம் தள்ளி கொம்பனியிடம் பந்து. லெஸ்டர்காரர்கள் யாரும் அவரை நெருங்கவில்லை. ஏன் நெருங்க வேண்டும்? பிரீமியர் லீகில் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அவர் அதுவரை ஒரு கோல் கூடப் போட்டதில்லை. அடிக்கட்டும், நமக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள். சொந்த அணிக்காரர்களே அடிக்காதே, அடிக்காதே என்று கத்தினார்கள். மேனேஜர் பெப் கார்டியோலாவும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பின்னால் ஒப்புக்கொண்டார்.

அடித்தார். பந்து மேல் மூலையில் போய்ச் சொருகிக்கொண்டது. லெஸ்டர் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் பாய்ந்தும் பயனில்லை. சத்தமில்லாத டிவியில் ஐம்பதாயிரம் பேர் எழுந்து குதிப்பதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம்.

அடிக்காதே என்ற கூச்சல் தன் காதில் விழுந்தது, இத்தனை வருஷம் ஆடிய பிறகு எப்போது அடிக்கலாம் என்று சின்னப் பையன்களா எனக்குச் சொல்வது என்று எரிச்சல் வந்தது என ஆட்டம் முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த எரிச்சல்தான் லீகை முடித்துவைத்தது. சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97. ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களில் லெஸ்டருக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பை வெளியே அடித்தவர் இஹெனாச்சோ, சிட்டியின் பழைய பையன். அதையும் சேர்த்தால்தான் அந்த இரவு முழுமையாகும்.

மே 19 அன்று, கோப்பை இறுதிப்போட்டிக்கு மறுநாள், கிளம்புகிறேன் என்று அறிவித்தார். நான்கு லீக் பட்டம், இரண்டு எஃப்.ஏ. கோப்பை, நான்கு லீக் கோப்பை. தேய்ந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கொம்பனியைச் சிட்டி ரசிகர்கள் ஒரு நாளும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாகப் பார்த்தது கோப்பையைத் தூக்கிய கொம்பனியை. பந்தி களைகட்டியிருக்கும்போதே கைகழுவி எழுந்துவிட்டார்.

ஊர்க்காரர் ஆனது

கல்யாணம் செய்தது மான்செஸ்டர் பெண்ணை. அணிக்கு ஆடிக்கொண்டே அந்த ஊரின் பிசினஸ் ஸ்கூலில் சுமார் ஐந்து வருஷம் பகுதிநேரமாக எம்.பி.ஏ. படித்து முடித்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பிரீமியர் லீகில் சொந்த ஆடுகளத்தின் சாதகம் பற்றிய தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டு அதே ஆடுகளத்தைப் பற்றி அசைன்மென்ட் எழுதியிருப்பார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பத்தாண்டு சேவைக்காக அணி நடத்தித் தரும் பாராட்டு ஆட்டத்தின் வசூல் வழக்கமாக ஆட்டக்காரருக்குப் போகும். கொம்பனி அதை மான்செஸ்டர் தெருக்களில் படுத்துறங்கும் வீடற்றவர்களுக்கென்று எழுதிக்கொடுத்தார். மேயர் ஆண்டி பர்னமோடு சேர்ந்து அதற்காக ஒரு நிதித் திட்டத்தையே தொடங்கியிருந்தார். ஆட்டம் நடந்தது 2019 செப்டம்பர் 11. யாருக்காக நடந்ததோ அவர் ஆடவில்லை. காரணம் கேட்க வேண்டுமா? காயம். தொடைப் பின்தசை. சொந்தப் பாராட்டு ஆட்டத்தையே வெளியிலிருந்து பார்த்தார்.

2021 ஆகஸ்ட் 28 அன்று ஆடுகளத்துக்கு வெளியே அவருக்கும் டேவிட் சில்வாவுக்கும் சிலை திறந்தார்கள். ஆண்டி ஸ்காட் என்ற ஸ்காட்லாந்துச் சிற்பி எஃகுத் துண்டுகளை ஒட்டவைத்துச் செய்தவை. கொம்பனி சிலை பிடித்திருப்பது அந்த லெஸ்டர் கோலுக்கு அடுத்த கணத்தை. அடுத்த வருஷம் அகுவேரோ சிலை வந்தபோது, ஜெர்மனி ஆட்டக்காரர் டோனி குரூஸ் மாதிரி இருக்கிறதே என்று இணையமே சிரித்தது. கொம்பனி சிலைக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை.

பெல்ஜியத்தில் வேறு கணக்கு

இவரைச் சிட்டியின் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பிறந்தது 1986இல், பிரஸ்ஸல்ஸில். அப்பா பியேர் கொம்பனி, சர்வாதிகாரி மொபுட்டுவின் ஆட்சியிலிருந்து தப்பி 1975இல் காங்கோவிலிருந்து அகதியாக வந்தவர். டாக்சி ஓட்டினார், படித்தார், இன்ஜினியர் ஆனார். 2018இல் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த கான்ஸோரன் நகராட்சிக்கு மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெல்ஜியத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். அம்மா பெல்ஜியத்துக்காரர், தொழிற்சங்கத்தில் ஊறியவர். இந்த வீட்டுப் பின்னணி தெரிந்தால் டிரெஸ்ஸிங் ரூமில் கொம்பனி பேசிய பேச்சுகள் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸும் பிரெஞ்சு பேசும் வலோனியாவும் ஒரே நாட்டில் இருந்தாலும் டிவி வேறு, பத்திரிகை வேறு, கட்சிகள் கூட வேறு. இரண்டு பக்கமும் சொந்தம் கொண்டாடும் ஆள் கிடைப்பது அபூர்வம். கொம்பனிக்கு இரண்டு மொழியும் சரளம். 2012 அக்டோபர் 14 அன்று ஃபிளாண்டர்ஸ் தேசியவாதி பார்ட் டெ வேவர் ஆன்ட்வெர்ப் நகரத் தேர்தலில் ஜெயித்துவிட்டு, இந்த ஊர் எல்லாருக்கும் சொந்தம், ஆனால் இன்றிரவு முக்கியமாக எங்களுக்கு என்றார். இரண்டே நாளில் பெல்ஜியம் ஸ்காட்லாந்தை 2-0 என்று ஜெயித்தது, ஒரு கோல் கொம்பனியுடையது. ஆட்டம் முடிந்ததும் ட்விட்டரில் டச்சில் ஒரே வரி போட்டார்: பெல்ஜியம் எல்லாருக்கும் சொந்தம், ஆனால் இன்றிரவு முக்கியமாக எங்களுக்கு.

ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் நாட்டுப் பெயரை வைத்தார், அவ்வளவுதான். டெ வேவர் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. ஆனால் நாடு முழுக்கப் புரிந்தது. 89 ஆட்டத்தில் அவர் நாட்டுக்காக அடித்தது நாலு கோல்தான். அந்த வரியை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன்.

பாசம் தேய்ந்த இடங்கள்

ஹாம்பர்க்கில் இவருக்குச் சிலையும் இல்லை, பாட்டும் இல்லை. அங்கே நடந்ததும் கொஞ்சம்தான், விட்டுவிடலாம்.

பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் அணியின் கதை கவனிக்க வேண்டியது. ஆறு வயசில் சேர்ந்த அணி, 17 வயசில் முதல் ஆட்டம், 2004இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கக் காலணி. 2019இல் அங்கே ஆட்டக்காரரும் மேனேஜரும் தானே என்று திரும்பினார். முதல் நாலு லீக் ஆட்டத்தில் ஒன்றில் கூட வெற்றி இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆட்டநாள் பொறுப்பை உதவியாளரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று; அக்டோபரில் ஃபிராங்கி வெர்காட்டரன் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 2020 ஆகஸ்டில் ஆட்டத்தை விட்டுவிட்டு முழுநேர மேனேஜர் ஆன பிறகு நிலைமை தேறியது: நாலாமிடம், அப்புறம் மூன்றாமிடம், 2022இல் கோப்பை இறுதிப்போட்டியில் கென்ட்டிடம் பெனால்டியில் தோல்வி. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பட்டம் வாங்கியே பழகிய அணிக்கு, மூன்று வருஷம் வெறுங்கை. எல்லாரும் மெய்மறந்து வரவேற்ற பிள்ளை, ஓரளவு மரியாதையோடு கிளம்பினார் என்பதுதான் நேர்மையான வரவு செலவு.

பர்ன்லியில் முதல் வருஷம் கனவு. ஷான் டைச் பத்து வருஷம் நீளமாகத் தூக்கியடித்து ஆடவைத்த அணியை, பின்வரிசையிலிருந்தே தரையில் பந்தை நகர்த்தும் அணியாக மாற்றினார். 2022-23இல், பிரீமியர் லீகுக்கு அடுத்த நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் 101 புள்ளி. ஏழு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே பிரீமியர் லீக் உறுதி. பட்டம் உறுதியானது பரம வைரி பிளாக்பர்னின் மண்ணில். ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்டார்கள்.

அடுத்த வருஷம் 24 புள்ளி, ஐந்தே வெற்றி, 19ஆவது இடம். தரையில் நகர்த்திய பந்தைப் பெரிய அணிகள் பாதி வழியில் பறித்து கோலாக்கின, இவரோ வழியை மாற்றவில்லை. கீழிறங்கியது உறுதியாகி 18 நாளில் ஜெர்மனியின் பயேர்ன் மியூனிக் கூப்பிட்டது, போய்விட்டார். பர்ன்லிக்காரர்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் 101 என்பார், இன்னொருவர் 24 என்பார். அடுத்த மேனேஜராக ஸ்காட் பார்க்கர் வந்து 2024-25இல் நூறு புள்ளியோடு மறுபடி மேலே ஏற்றியதும், அந்த 101இன் பளபளப்பும் கொஞ்சம் மங்கியது. பர்ன்லியில் இவருக்கு ஆட்டக்காரர் காலத்துச் சேமிப்பு கிடையாது. தோற்றால் எடுத்துச் செலவழிக்க ஒன்றுமில்லை. மான்செஸ்டரிலோ சேமிப்பு நிறைய, ஆனால் அதில் அவர் இதுவரை கைவைக்கவே இல்லை. மேனேஜராகத் தோற்றதெல்லாம் வேறு ஊர்க் கணக்கில் எழுதப்பட்டது. சிட்டி ரசிகனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. எதிரணியாக வந்து ஆறு வாங்கிக்கொண்டு போனால் பாசம் கூடத்தான் செய்யும்.

மியூனிக்

2024 மே 29 அன்று பயேர்ன் இவரை அறிவித்தபோது ஜெர்மனியில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஷாபி அலோன்சோ லெவர்குசனிலேயே இருந்துவிட்டார், நாகல்ஸ்மான் ஜெர்மனி அணியோடும் ராங்னிக் ஆஸ்திரியா அணியோடும் தங்கிவிட்டார்கள். பெரிய பெயர்கள் எல்லாம் மறுத்த நாற்காலியில், இப்போதுதான் ஓர் அணியைக் கீழே இறக்கியவர். வேலை கேட்டு வந்த ஆள் என்றால் நம் ஊரில் பயோடேட்டாவையே திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

முதல் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே ஜெர்மனில் பேசினார். ஹாம்பர்க்கில் கற்ற ஜெர்மன், பதினாறு வருஷம் கழித்துக் கைகொடுத்தது. 2025 மே 4 அன்று, இரண்டாமிடத்தில் இருந்த லெவர்குசன் ஃபிரைபுர்கில் சமன் செய்ததும், இரண்டு ஆட்டம் மிச்சமிருக்க, பயேர்னுக்கு மறுபடி பட்டம். அணியின் கோல் அடிக்கும் ஆள் ஹேரி கேனுக்கு வாழ்நாளின் முதல் கோப்பை. சாம்பியன்ஸ் லீகில் இத்தாலியின் இன்டரிடம் காலிறுதியோடு நின்றார்கள், அதுவும் இறுதிப்போட்டி மியூனிக்கிலேயே நடக்கவிருந்த வருஷத்தில். அடுத்த சீசனை எல்லாப் போட்டிகளிலும் சேர்த்துத் தொடர்ந்து 16 வெற்றியோடு தொடங்கினார்கள். 2025 நவம்பரில் யூனியன் பெர்லின்தான் 2-2 என்று நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதமே ஒப்பந்தத்தை 2029 வரை நீட்டியிருந்தார்கள். 2024 கோடையில் சிரித்தவர்கள் அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

சிட்டி ரசிகர்கள் இதையெல்லாம் தங்கள் வீட்டுப் பிள்ளை வெளியூரில் பேர் வாங்கியது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் ஒரு நாள் சிட்டியின் மேனேஜர் ஆவார், அது எழுதிவைத்த விதி என்று கார்டியோலா 2023இலேயே சொல்லிவிட்டார். அது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இருக்கிறது, வேண்டாமே என்றும் இருக்கிறது. எதிஹாடுக்கு வெளியே அந்த எஃகு மனிதர் நிற்கிறார். ஒவ்வொரு ஆட்டநாளும் அவரைத் தாண்டித்தான் ஜனம் உள்ளே போகிறது. சொந்த மண்ணில் இரண்டு ஆட்டம் தோற்ற மேனேஜர், மூன்றாவது ஆட்டத்துக்கு அந்த வழியாக நடந்துபோவதைக் கற்பனை செய்து பாருங்கள்.